நாற்பது நாள் ஜாடி

மைசூருக்கு வந்து மூன்று வருஷமாகியும் கனகலக்ஷ்மிக்குக் கன்னடத்தில் நாலு வார்த்தைக்கு மேல் வாயில் வரவில்லை. பேக்கு, பேடா, எஷ்டு, சாக்கு. வேண்டும், வேண்டாம், எவ்வளவு, போதும். பால்காரனிடமும் கறிகாய்க்காரியிடமும் அதை வைத்துக் காலம் தள்ளிவிடலாம். மனசில் இருப்பதைச் சொல்ல அது எந்த மூலைக்கு? அதற்கு முன் பெங்களூர் கண்டோன்மெண்டில் மாமனார் வீட்டில் எட்டு வருஷம் இருந்தாள். அங்கே தெருவுக்குத் தெரு தமிழ்தான். இங்கே ரயில்வே குவார்ட்டர்ஸில் எதிர்வீட்டுப் பெண்கள் வாசலில் கூடிச் சிரித்துப் பேசும்போது அவளும் போய் நிற்பாள். அவர்கள் சிரிப்பதற்கு அரை நிமிஷம் கழித்துச் சிரிப்பாள். பிறகு அடுப்பில் ஏதோ வைத்துவிட்டு வந்ததுபோல் உள்ளே வந்துவிடுவாள்.

புருஷன் நாராயணஸ்வாமி ரயிலில் கார்டு. மைசூரிலிருந்து அரசிகெரே போகிற பாஸஞ்சர் அவருடைய வண்டி. காலையில் போனால் இரவு அங்கே தங்கி, மறுநாள் சாயங்காலம்தான் வீடு. வீட்டில் இருக்கிற நாளிலும் அதிகம் பேசுகிற மனுஷர் இல்லை. சாப்பிடுவார், தூங்குவார், பச்சைக் கொடியையும் சிவப்புக் கொடியையும் தாமே கசக்கிக் கொல்லையில் காயப் போடுவார். நல்லவர். கடிந்து ஒரு சொல் சொன்னதில்லை. வீட்டில் குழந்தையும் இல்லாததால் பகல் பொழுது ஏரித் தண்ணீர் மாதிரி அசையாமல் நின்றது.

அதனால்தான் ஒருநாள் கொல்லை மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "ஏனுங் அம்மணி, உங்க வூட்டுல கறிவேப்பிலை இருக்குதுங்களா?" என்று ஒரு குரல் கேட்டதும் கனகத்துக்குக் கையிலிருந்த செம்பு நழுவியது. எட்டிப் பார்த்தாள். மதில் இடிந்திருந்த இடத்தில் பூப்போட்ட கவுன் அணிந்து, குட்டையாய் வெட்டிய செம்பட்டை மயிரோடு ஒருத்தி நின்றாள். புதிதாக வந்திருக்கும் எஞ்சின் டிரைவர் டிக்ரூஸின் மனைவி, பெயர் ஐவி. போத்தனூர் ரயில்வே காலனியில் பிறந்து, ஆயா இடுப்பில் வளர்ந்தவள். ஆயா பேசிய தமிழ் அப்படியே அவள் நாக்கில் உட்கார்ந்துவிட்டது.

அன்று பிடித்த பேச்சு ஒன்றரை வருஷம் ஓயவில்லை. இரண்டு பேரும் அவரவர் பக்கத்தில் கல்லைப் போட்டு உட்கார்ந்துகொள்வார்கள். ஐவி கனகத்தின் வீட்டுக்குள் வந்ததில்லை. கனகமும் அங்கே போனதில்லை. மதில் இடிந்த இடம் இரண்டு பேருக்கும் போதுமாக இருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து மூன்றாம் வருஷம், தீபாவளி கழிந்து இருபது நாள் இருக்கும். ஐவி தேவராஜ மார்க்கெட்டிலிருந்து ஒரு கூடை குடகு ஆரஞ்சு வாங்கி வந்து மதிலோரம் வைத்தாள். பக்கத்தில் கழுத்து அகன்ற ஒரு பெரிய பீங்கான் ஜாடி. கத்தியை வைத்துக்கொண்டு ஆரஞ்சுத் தோலின் உட்புறத்தைச் சுரண்ட ஆரம்பித்தாள். சுரண்டினதில் பாதி கிழிந்தது.

"என்ன பண்றே ஐவி?"

"கிறிஸ்துமசுக்கு லிக்யூர் போடறனுங் அம்மணி. இந்த வெள்ளை துளிகூட ஒட்டியிருக்கப் படாது. இருந்தா மொத்தமும் கசந்து போயிரும். எங்கம்மா அத்தனை சுத்தமாப் பண்ணுவாங்கோ. எனக்குக் கை வர மாட்டேங்குது."

"இங்கே கொண்டா. இந்தத் தோலை நாங்க வத்தக்குழம்புல போடுவோம். எனக்குப் பழக்கந்தான்."

கனகம் அரிவாள்மணையின் மழுங்கிய நுனியில் தோலை வைத்து ஒரே இழுப்பாக இழுத்தாள். வெள்ளை நார் பஞ்சுபோல் சுருண்டு வந்தது. மிஞ்சின தோலை வெயிலில் பிடித்தால் மறுபக்கம் விரல் தெரிந்தது. ஒரு டஜன் பழத்தின் தோலை அவளே சுரண்டிக் கொடுத்தாள். ஐவி அதை ஜாடியில் போட்டு, ஒரு துண்டு பட்டை, ஆறு கிராம்பு சேர்த்து, புருஷன் வாங்கி வைத்திருந்த இரண்டு பாட்டில் பிராந்தியை அதன்மேல் ஊற்றினாள். கனகம் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். மூடின பிறகும் ஆரஞ்சு வாசனை வந்தது. நன்றாகத்தான் இருந்தது.

"சாராயம்தானே இது?"

"அய்யோ, சாராயம் குடிக்கறதுக்குங். இது நாக்குல வெக்கறதுக்கு. கட்டைவெரலத்தண்டி கிளாசுல ஊத்தி, கேக்கோட குடுக்கறது. நாப்பது நாள் ஊறோணும். தினம் காத்தால ஒருக்கா ஜாடியக் குலுக்கோணும். அப்புறம் துணியில வடிச்சு, சக்கரைப் பாகு சேர்த்தா ஆச்சு." ஐவி மூடியை இறுக்கித் துணி கட்டினாள்.

ஆறாம் நாள் டிக்ரூஸுக்கு அரசிகெரேக்கு மாற்றல் உத்தரவு வந்தது. இரண்டு நாளில் கிளம்ப வேண்டும். சாமான்களெல்லாம் சரக்கு வண்டியில் ஏறின. ஐவி ஜாடியை இரண்டு கையாலும் அணைத்தபடி மதிலுக்கு வந்தாள். அழுதழுது மூக்கு சிவந்திருந்தது.

"வண்டி குலுக்கற குலுக்குல இது தாங்காதுங் அம்மணி. கீழ கொட்டவும் மனசு வரல. எங்கம்மா போன வருசந்தானே போச்சு? இந்தக் கிறிஸ்துமசுக்கு அவங்க லிக்யூர் வேணும்னு நெனச்சனுங். நீங்க வெச்சுக்கறீங்களா? நாப்பது நாள் ஆனதும் வடிச்சு, உங்க வூட்டுக்காரர் வண்டியிலயே கொண்டாந்து குடுங்கோ. ஒருக்கா என் வூட்டையும் பாத்த மாதிரி இருக்கும்."

பிராமணர் வீட்டில் பிராந்தி ஜாடி! கனகம் அதை யோசிப்பதற்கு முன்பே அவள் வாய், "குடு" என்று சொல்லிவிட்டது. பாகுக்கு எத்தனை உழக்குச் சர்க்கரை என்று கேட்டுக்கொண்டாள். காலி பாட்டில் இரண்டும் தக்கைகளும் வாங்கிக்கொண்டாள். அவ்வளவுதான். மறுநாள் அடுத்த வீட்டு ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது.

ஜாடியைக் கொல்லையில் விறகுக் கொட்டிலில், சுள்ளிக் கட்டுகளுக்குப் பின்னால் வைத்தாள். அதைத் தொட்டால் தீட்டு. அதற்கும் வழி கண்டுபிடித்தாள். விடிந்ததும் முதல் வேலையாகப் போய் ஜாடியைக் குலுக்குவாள். பிறகு கிணற்றடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் அடுக்களைக்குள் நுழைவாள். கார்த்திகைக் குளிரில் பல் கிட்டும். ஆனாலும் ஒருநாள் தவறவில்லை. முன்பெல்லாம் விழிப்பு வந்த பிறகும் எதற்கு எழுந்திருப்பது என்று படுத்துக்கிடப்பாள். இப்போது எழுந்திருக்க ஒரு காரணம் இருந்தது.

நாள் ஆக ஆக, குலுக்கும்போது ஜாடியோடு இரண்டு வார்த்தை பேசவும் ஆரம்பித்தாள். "நேத்திக்கு எதிராத்து மாமி ஏதோ கேட்டா ஐவி. நான் சாக்குன்னேன். அவ ஒரு மாதிரி பார்த்துட்டுப் போயிட்டா. என்ன கேட்டாளோ?" என்பாள். ஐவிக்குக் கடிதம் போட வழியில்லை. கனகத்துக்கு இங்கிலீஷ் எழுத்துத் தெரியாது, ஐவிக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. அரசிகெரேயில் ஐவியைப் பார்த்தீர்களா என்று புருஷனைக் கேட்டால், "டிக்ரூஸை லைன்ல பார்த்தேன். சௌக்கியம்னான்" என்பார்.

வாசல் பெருக்க வருகிற நஞ்சம்மா ஒருநாள் சுள்ளி எடுக்கக் கொட்டிலுக்குள் போனாள். வெளியே வந்தபோது முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தாள். ஏதோ சொன்னாள். கனகத்துக்குப் புரியவில்லை. வழக்கம்போல் அவளும் சிரித்துவைத்தாள்.

நாலு நாள் கழித்துப் புரிந்தது. நாராயணஸ்வாமி சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் கோட்டைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் நின்றார்.

"கனகா, இங்கே வா. நம்மாத்துல பிராந்தி இருக்கா?"

அவள் கொட்டில் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"ஸ்டேஷன்ல எல்லார் முன்னாலயும் ஒருத்தன் கேக்கறான். 'என்ன சுவாமி, கொட்டில்ல ஜாடி ஜாடியா வெச்சிருக்கேளாமே, எங்களுக்கும் ஒரு வாய் உண்டா'ன்னு. பத்தொம்பது வருஷ சர்வீஸ். கார்டு குடிக்கறான்னு மேலே ஒருத்தன் எழுதிப் போட்டா வேலை போயிடும். தெரியுமோ?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். தோல் சுரண்டியது, மாற்றல், ஐவியின் அம்மா, நாற்பது நாள் கணக்கு. சொல்லச் சொல்ல அவளுக்கே அது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. கொண்டுபோய்ச் சாக்கடையில் கொட்டு என்று சொல்லப்போகிறார் என்று காத்திருந்தாள்.

அவர் கைவிளக்கை ஏற்றினார். பிறகு கொல்லைக்குப் போய், கொட்டிலுக்குள் தலையை நீட்டி ஜாடியைப் பார்த்துவிட்டு வந்தார்.

"இன்னும் எத்தனை நாள்?"

"பதினெட்டு."

"தொட்டுட்டு ஸ்நானம் பண்றயோன்னோ?"

"தினம் தலைக்குத்தான்."

"அதான் இருமல் விடமாட்டேங்கறது." கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "டிக்ரூஸ் கொடுத்துவெச்ச சாமான்னு நானே அவாகிட்டச் சொல்லிடறேன். எடுத்துண்டு போற அன்னிக்கு அவன் கையிலயே ஒப்படைச்சுட்டா வாய் மூடிடும்."

அவ்வளவுதான் பேச்சு. ஏன் இதை ஒப்புக்கொண்டாய் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன பதில் சொல்லியிருப்போம் என்று அன்றிரவு முழுவதும் கனகம் யோசித்துக்கொண்டிருந்தாள். அவர் திரும்பிப் படுத்துத் தூங்கிவிட்டார்.

மறுநாள் காலை காப்பிக்கொட்டை வறுக்கும்போது அவளுக்கு ஒரு எண்ணம் தோன்றியது. சிக்கமகளூர்க் கொட்டை, நன்றாக முறுகி எண்ணெய் மின்னுகிற பதம். அதில் பன்னிரண்டு பொறுக்கி எடுத்துக்கொண்டு போய் ஜாடியைத் திறந்து போட்டாள். பிராந்தி அவர்களுடையது, பழம் அவர்களுடையது, முறையும் அவர்கள் அம்மாவுடையது. இத்தனை நாள் குலுக்கினவளின் கைக்கு என்று ஒன்று அதில் இருக்கட்டுமே. ஐவி முதல் வாய் வைத்ததும், "இது என்னுங் அம்மணி புதுசா?" என்று கேட்பாள். "கண்டுபிடி பார்க்கலாம்" என்று சொல்ல வேண்டும். பிறகு தினமும் குலுக்கும்போது அந்தப் பேச்சையும் ஒத்திகை பார்த்துக்கொண்டாள்.

நாற்பதாம் நாள் வந்தபோது மார்கழி பிறந்திருந்தது. புருஷனின் பழைய மல்வேட்டியில் ஒரு துண்டைக் கிழித்து நான்காக மடித்து வடிகட்டினாள். அவசரப்படுத்தினால் கலங்கும் என்று சொட்டுச் சொட்டாக விழவிட்டாள். நல்ல தேன் நிறம். தோல்கள் சாறெல்லாம் இறங்கிக் காகிதம்போல் வெளுத்துக் கிடந்தன. கொல்லையில் மூன்று கல்லை வைத்துப் பாகு காய்ச்சி, ஆறவிட்டுச் சேர்த்தாள். ருசி பார்க்க முடியாது. முகர்ந்து முகர்ந்துதான் அளவு. ஆரஞ்சு முன்னால் வந்தது, கிராம்பு அதன் பின்னால், கடைசியில் மெல்லிசாகக் காப்பி. போதும் என்று நிறுத்தினாள். பாட்டில்களில் ஊற்றித் தக்கை அடித்து, மெழுகு உருக்கி மூடினாள். மிஞ்சினதைப் பார்த்து ஒரு கணம் நின்றாள். பிறகு அதை வாழைக்கு ஊற்றிவிட்டு நேரே கிணற்றடிக்குப் போனாள்.

கிறிஸ்துமஸுக்கு முதல் நாள், புருஷன் கார்டாகப் போன வண்டியிலேயே பெண்கள் பெட்டியில் ஏறினாள். வைக்கோல் சுற்றிய பாட்டில்கள் கூடையில், கூடை மடியில். அரசிகெரேயில் இறங்கும்போது மத்தியானம் இரண்டு மணி. டிக்ரூஸ் ஸ்டேஷனுக்கே வந்திருந்தான். நாராயணஸ்வாமி நாலு பேர் பார்க்கக் கூடையை அவன் கையில் கொடுத்தார். "நீ போயிட்டு வா. ராத்திரி ஸ்டேஷன் மாஸ்டர் ஆத்துல சொல்லிவெச்சிருக்கேன். நாளைக் காலம்பற வண்டிக்கு வந்துடு" என்று கனகத்திடம் சொன்னார்.

ஐவியின் வீடு நிறைய ஜனம். வாசலில் காகிதத் தோரணம், உள்ளே கிராமபோன், ஓடிப் பிடித்து விளையாடுகிற குழந்தைகள். ஐவி அவளைக் கண்டதும், "அய்யோ, வந்துட்டாங்கோ பாருங்கோ!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தாள். கட்டிக்கொள்ளக் கையை விரித்தவள், நினைவு வந்து நிறுத்திக்கொண்டாள். முன்பைவிடச் சற்றுப் பூசினாற்போல் இருந்தாள். கனகத்துக்கென்று தாழ்வாரத்தில் தனியாக ஒரு பிரம்பு நாற்காலி போட்டு, இளநீர் வெட்டிக்கொடுக்க ஆளையும் ஏற்பாடு செய்திருந்தாள். ஒரு தட்டில் வாழைப்பழம். எல்லாம் யோசித்துத்தான் செய்திருந்தாள்.

"இவங்க மைசூர்ல என் பக்கத்து வூட்டுக்காரங்கோ" என்று எல்லோரிடமும் காட்டினாள். பிறகு இங்கிலீஷில் சொன்னாள். அவர்கள் தலையசைத்தார்கள், சிரித்தார்கள். கனகமும் அரை நிமிஷம் கழித்துச் சிரித்தாள்.

மெழுகை உடைத்துத் தக்கையைப் பிடுங்கினார்கள். தட்டில் சின்னச் சின்னக் கிளாஸ்கள். ஐவி முதலில் தன் கிளாஸை எடுத்து உதட்டில் வைத்தாள். கனகம் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள்.

ஐவியின் கண் நிறைந்தது. "அம்மணி, அப்படியே எங்கம்மா பண்ணின மாதிரியே இருக்குதுங். ஒரு சொட்டு மாறல. அவங்களே வந்து ஊத்திக் குடுத்த மாதிரி இருக்குது."

கனகம் வாயைத் திறந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கிறவளிடம் காப்பிக்கொட்டையைப் பற்றி என்னவென்று சொல்வது? "அதான் வேணும் ஐவி" என்றாள்.

கால் மணி நேரத்தில் இரண்டு பாட்டிலும் தீர்ந்தன. தடியாக ஒருவர் ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு மீசையைத் துடைத்தார். ஒருத்தி பாதி குடித்து ஜன்னலில் வைத்துவிட்டு ஆடப் போனாள். ஐவி தாழ்வாரத்துக்கும் அடுப்பங்கரைக்குமாக ஓடினாள். வரும்போதெல்லாம் கனகத்தின் பக்கம் குனிந்து, "இருங்கோ, வந்தர்றன்" என்றாள். ஒருமுறை வந்து நின்று மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்:

"அடுத்த வருசம் உங்களுக்குச் சிரமம் வேண்டாமுங். இங்க பக்கத்துல மேபல்னு ஒரு புள்ள இருக்குது. தோல் சுரண்டறதுல அத்தனை கெட்டிக்காரி. நாங்க ரெண்டு பேருஞ் சேர்ந்தே போட்டுக்குவோம்."

"நல்லதாப் போச்சு" என்றாள் கனகம்.

ஐவியின் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. கிளம்பும்போது ஒரு கூடை கொய்யாப்பழம் கொடுத்தாள், தெருமுனை வரைக்கும் கூட வந்தாள். வீட்டுப் பக்கமிருந்து யாரோ கூப்பிடவே, "வரட்டுங்களா அம்மணி?" என்று திரும்பி ஓடினாள்.

மறுநாள் காலை வண்டியில் பெண்கள் பெட்டி பாதி காலியாக இருந்தது. எதிரே உட்கார்ந்த கிழவி கன்னடத்தில் ஏதோ கேட்டாள். கனகம் தலையை ஆட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஹாசன் தாண்டி ஒரு பெரிய வளைவு. வண்டி வில்போல் வளைந்தபோது கடைசிப் பெட்டி முழுவதும் தெரிந்தது. அதன் வாசலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் புருஷன் நின்றார். வெள்ளைக் கோட்டு, கக்கத்தில் சுருட்டிய கொடி. அவரைச் சுற்றி யாருமே இல்லை. பத்தொன்பது வருஷமாக அவர் வேலைக்குப் போகிறார் என்று அவளுக்குத் தெரியும். அந்த வேலை இப்படி ஒரு பெட்டியில் தனியாக நிற்பது என்று அவள் நினைத்துப் பார்த்ததில்லை.

ஹொளேநரசிபுரத்தில் எஞ்சின் தண்ணீர் பிடிக்க வண்டி நின்றது. கனகம் சாதப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிக் கடைசிப் பெட்டி வரை நடந்தாள். பெண்டாட்டி பிளாட்பாரத்தில் நடந்து வருவதைப் பார்த்து அவர் பதறிப்போனார்.

"என்ன, உடம்புக்கு ஏதாவதா?"

"ஒண்ணுமில்லை. தயிர்சாதம். ஸ்டேஷன் மாஸ்டராத்து மாமி கட்டிக் கொடுத்தா. பசிக்குமேன்னு."

அவர் பொட்டலத்தை வாங்கிக்கொண்டார். அவள் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். ஒரு மர பெஞ்சு, ஒரு விளக்கு, தண்ணீர்க் கூஜா, மூலையில் சுருட்டிய சாக்கு.

"இங்கே நாள் பூரா யாரோட பேசுவேள்?"

அவர் அந்தக் கேள்விக்குப் பழக்கமில்லாதவர்போல் அவளைப் பார்த்தார்.

"யாரோட பேசறது? ஸ்டேஷன் வந்தா ரெண்டு வார்த்தை. மத்தபடி சும்மாத்தான். மழைக்காலத்துல சமயத்துல ஏதாவது ஸ்லோகம் சொல்லிண்டு வருவேன்." பொட்டலத்தைப் பெஞ்சின்மேல் வைத்தார். "நேத்து எப்படி இருந்தது? அவ சந்தோஷப்பட்டாளா?"

"பட்டா. அவ அம்மா பண்ணின மாதிரியே இருக்குன்னா."

"உனக்கு?"

அதற்குள் எஞ்சின் ஊதியது. அவர் முகம் கார்டு முகமாக மாறிவிட்டது. "ஓடு, ஓடு. வண்டி கிளம்பப் போறது. ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாக் கையைக் காட்டு. அப்புறந்தான் கொடி காட்டுவேன்."

கனகம் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியே கையை நீட்டி ஆட்டினாள். பச்சைக் கொடி அசைந்தது. வண்டி நகர்ந்தது.

அடுத்த வளைவு எப்போது வரும் என்று அவள் எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள். வந்தபோது அவர் மறுபக்கம் திரும்பிக் கைகாட்டி மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாதப் பொட்டலம் பெஞ்சின்மேல் பிரிக்காமல் இருந்ததா, தெரியவில்லை. பிறகு பாதை நேராகிக் கடைசிப் பெட்டி மறைந்துவிட்டது. எதிரே இருந்த கிழவி மறுபடி ஏதோ கேட்டாள். கனகத்துக்கு அதில் எங்கே என்கிற ஒரு வார்த்தைதான் புரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டு, தப்பும் தவறுமான கன்னடத்தில், மைசூருக்கு என்று பதில் சொன்னாள்.